சமூக ஆய்வில் டிஎன்ஏவுக்கு என்ன வேலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் எத்தனை வருடம் படித்தார்கள், யார் எந்த வயதில் சிகரெட்டைத் தொட்டார்கள், யார் எப்போது முதல் குழந்தை பெற்றார்கள் என்று கணக்கெடுப்பு நடத்துகிற பொருளாதார, சமூகவியல் ஆய்வாளர்கள் கடந்த பத்துப் பதினைந்து வருடங்களாக அதே ஆட்களின் எச்சிலையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். இதைச் சொன்னதும் பாதிப் பேருக்குக் கோபம் வருகிறது, மீதிப் பேருக்கு அளவுக்கு மீறிய ஆசை வருகிறது. வேடிக்கை என்னவென்றால் இரண்டு தரப்பும் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றுக்கு எனக்குத் தெரிந்தவரை இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில ஒரே வரி. கேள்வி அப்படி.

மரபணுத் தரவு என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு பெரிய எக்செல் தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனித டிஎன்ஏவில் சுமார் 300 கோடி எழுத்துகள். எந்த இரண்டு பேரை எடுத்தாலும் அதில் ஏறக்குறைய 99.9 சதவீதம் ஒன்றேதான், ஆய்வுக்கு வேண்டியது மிச்சம் இருக்கிற துளி வேறுபாடு. குறிப்பிட்ட ஓர் இடத்தில் சிலருக்கு ‘ஏ’ என்ற எழுத்து இருக்கும், சிலருக்கு ‘ஜி’ இருக்கும். அந்த மாதிரி இடத்துக்கு ஸ்னிப் என்று பெயர். அம்மாவிடமிருந்து ஓர் எழுத்து, அப்பாவிடமிருந்து ஓர் எழுத்து, ஆக ‘ஜி’ எத்தனை என்று எண்ணினால் 0, 1 அல்லது 2. எச்சிலிலிருந்து எடுத்த டிஎன்ஏவை ஒரு சிப்பில் வைத்து இப்படிப் பல லட்சம் இடங்களைப் படித்துவிடுகிறார்கள். தாளில் ஒரு வரிக்கு ஒரு ஆள், ஒரு பத்திக்கு ஒரு ஸ்னிப், கட்டத்துக்குள் 0, 1, 2. பக்கத்திலேயே அந்த ஆள் கணக்கெடுப்பில் சொன்ன படிப்பு, வருமானம், உயரம். மர்மம் அவ்வளவுதான்.

யார் கொடுக்கிறார்கள் இதையெல்லாம்?

தன்னார்வலர்கள். பிரிட்டனின் யுகே பயோபேங்க் 2006 முதல் 2010 வரை 40 முதல் 69 வயதுக்குள் இருந்த ஐந்து லட்சம் பேரைச் சேர்த்தது. அமெரிக்காவில் முதியோரைப் பல வருடங்களாகப் பின்தொடரும் ஹெல்த் அண்ட் ரிட்டயர்மென்ட் ஸ்டடி, பதின்வயதில் தொடங்கிப் பின்தொடரும் ஆட் ஹெல்த் இரண்டும் எச்சில் மாதிரி சேகரித்தன. ஐஸ்லாந்து, எஸ்டோனியா போன்ற சின்ன நாடுகளில் மக்கள்தொகையில் பெரிய பங்கே தரவுத்தளத்தில் இருக்கிறது. அப்புறம் 23அண்ட்மீ மாதிரி காசு வாங்கிக்கொண்டு பூர்வீகம் சொல்லும் நிறுவனங்கள், ஒப்புக்கொண்ட வாடிக்கையாளர்களின் தரவை ஆய்வுக்குத் தருவதுண்டு.

இங்கேயே ஒரு கோணல் இருக்கிறது. யுகே பயோபேங்க் அழைப்பு அனுப்பியது 90 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, வந்தது சுமார் 5.5 சதவீதம். வந்தவர்கள் பொதுமக்களின் சராசரியைவிட ஆரோக்கியமானவர்கள், குறைவாகப் புகைப்பவர்கள், வசதியான பகுதிகளில் வசிப்பவர்கள். ஐந்து லட்சம் என்ற எண்ணைப் பார்த்து நாட்டையே பார்த்துவிட்டதாக நினைத்தால் ஏமாந்துபோவோம். பெரிய கூட்டம் வேறு, சரியான மாதிரி வேறு.

நேராகச் சொல்லுங்கள், படிப்புக்கென்று ஒரு ஜீன் இருக்கிறதா?

இல்லை. சோகத்துக்கும் இல்லை, கோபத்துக்கும் இல்லை.

ஒரு காலத்தில் இருப்பதாகத்தான் நம்பினார்கள். 2000களின் தொடக்கத்தில் சில நூறு பேரிடம் ஏதாவது ஒரு ஜீனை மட்டும் எடுத்துப் பார்த்து ‘இதுதான் அந்த ஜீன்’ என்று கட்டுரை வெளியிடுவது வழக்கமாக இருந்தது. எம்ஏஓஏ என்ற ஜீனுக்குப் ‘போர்வீரன் ஜீன்’ என்று பட்டமே கட்டினார்கள். செரடோனின் என்ற மூளை வேதிப்பொருள் சம்பந்தப்பட்ட ஒரு ஜீனின் குட்டை வடிவம் உள்ளவர்கள் வாழ்க்கையில் அடி விழும்போது எளிதாக மனச்சோர்வில் விழுகிறார்கள் என்று 2003-இல் வந்த கட்டுரை உலகப் புகழ் பெற்றது, அதன்மேல் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுந்தன. 2019-இல் மனச்சோர்வோடு தொடர்புபடுத்தப்பட்ட 18 பிரபல ஜீன்களையும் லட்சக்கணக்கானவர்களின் தரவில் வைத்துப் பார்த்தபோது, குருட்டாம்போக்கில் எடுத்த மற்ற ஜீன்களைவிட அவற்றில் எந்த விசேஷமும் இல்லை என்று தெரிந்தது. ஒரு துறையின் பதினைந்து இருபது வருட உழைப்பு மணல்மேல் கட்டிய வீடாகப் போன கதை இது. இன்றைக்கும் ‘இன்ன ஜீன் இருந்தால் இன்ன குணம்’ என்று யாராவது பேசினால் அவர் அந்தக் காலத்திலேயே நின்றுவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பாடம் கற்றவர்கள் வழியை மாற்றினார்கள். ஒரு ஜீனை முன்கூட்டியே தேர்ந்தெடுக்காமல் எல்லா ஸ்னிப்பையும் ஒவ்வொன்றாகச் சோதிப்பது. லட்சக்கணக்கில் சோதிக்கும்போது தற்செயலாகவே பல ஆயிரம் ‘வெற்றிகள்’ வந்துவிடும், அதனால் தேர்ச்சிக் கோட்டை மிக உயரத்தில் வைத்தார்கள்: தற்செயலாக நடக்கும் வாய்ப்பு இரண்டு கோடியில் ஒன்றுக்கும் குறைவாக இருந்தால்தான் அது கண்டுபிடிப்பு. 2013-இல் ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம் பேரை வைத்துப் படித்த வருடங்களை ஆராய்ந்தபோது தேறியவை மூன்றே மூன்று ஸ்னிப்கள், ஒவ்வொன்றின் பங்கும் சராசரியில் ஏறக்குறைய ஒரு மாதப் படிப்பு. 2018-இல் 11 லட்சம் பேர், 1,271 ஸ்னிப்கள், நடுவாந்திரமான ஸ்னிப்பின் பங்கு இரண்டு வாரத்துக்கும் குறைவு. 2022-இல் 30 லட்சம் பேர், 3,952 ஸ்னிப்கள். ஆட்களைக் கூட்டக் கூட்ட ஸ்னிப்களும் கூடுகின்றன, ஒவ்வொன்றின் பங்கும் சிறுத்துக்கொண்டே போகிறது. கடலில் பெருங்காயம் கரைத்தது மாதிரி எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம்.

பாலிஜெனிக் ஸ்கோர் என்கிறார்களே, அது?

அந்தக் கொஞ்சங்களின் கூட்டுத்தொகை. ஒவ்வொரு ஸ்னிப்பிலும் உங்களுக்கு 0, 1, 2 எத்தனை என்று பார்த்து, ஆய்வில் கிடைத்த எடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் வருகிற ஒற்றை எண். தமிழில் பல்மரபணு மதிப்பெண் என்று சொல்லலாம், ஆனால் ‘மதிப்பெண்’ என்றதும் கூட வாங்கினால் நல்லது என்ற எண்ணம் தொற்றிக்கொள்வதால் நான் ஸ்கோர் என்றே எழுதுகிறேன்.

அந்த ஸ்கோரை வைத்து ஒரு குழந்தை எவ்வளவு படிக்கும் என்று சொல்ல முடியுமா?

முடியாது. 2022 ஆய்வின் ஸ்கோர், ஐரோப்பிய வம்சாவளியினருக்கு இடையே படித்த வருடங்களில் இருக்கும் வேறுபாட்டில் 12 முதல் 16 சதவீதத்தோடு ஒத்துப்போகிறது. சமூக அறிவியலில் இது சின்ன எண் இல்லை, குடும்ப வருமானம் மாதிரி நாம் காலம் காலமாகப் பயன்படுத்தும் அளவைகளோடு பக்கத்தில் வைத்துப் பேசக்கூடியது. பத்தாயிரம் பேரைப் பத்துக் குழுவாக ஸ்கோர்படி அடுக்கினால் மேல் குழுவில் பட்டதாரிகள் அதிகம், கீழ்க் குழுவில் குறைவு, வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஆனால் அந்தப் பத்தாயிரத்திலிருந்து ஒரே ஒருவரைக் கூப்பிட்டு நிறுத்தினால் கதை வேறு. மீதி 84 முதல் 88 சதவீதம் ஸ்கோருக்கு வெளியேதான் கிடக்கிறது. கீழ்க் குழுவிலும் முனைவர் பட்டம் வாங்கியவர் இருப்பார், மேல் குழுவிலும் பள்ளியைப் பாதியில் விட்டவர் இருப்பார். அதுவும் விதிவிலக்காக ஒருவர் இருவர் இல்லை, கணிசமாக. சராசரிக்குச் சொன்னதைத் தனி ஆளுக்குப் பொருத்துவது இந்தத் துறையை வாசிப்பவர்கள் செய்யும் முதல் தப்பு, இதை விற்பவர்கள் வேண்டுமென்றே செய்யும் தப்பும் இதுதான். பள்ளியில் சேர்க்க, வேலைக்கு எடுக்க, கடன் கொடுக்க இந்த ஸ்கோரைப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில். அறம் கிடக்கட்டும், முதலில் கணக்கே இடம் கொடுக்கவில்லை.

இரட்டையர் ஆய்வில் ‘50 சதவீதம் மரபு’ என்று வருகிறதே? அப்படியானால் என் வாழ்க்கையில் பாதி முன்பே எழுதப்பட்டதுதானே?

2015-இல் ஐம்பது வருட இரட்டையர் ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்தார்கள், 2,748 கட்டுரைகள், 17,804 குணாம்சங்கள், சராசரி மரபுவழித்தன்மை 49 சதவீதம். எண் சரி. அதற்கு நீங்கள் கொடுக்கும் பொருள்தான் சரியில்லை.

மரபுவழித்தன்மை என்பது ஒரு மக்கள்கூட்டத்தில், ஒரு காலத்தில், ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபணு வேறுபாட்டோடு சேர்ந்து போகிறது என்ற கணக்கு. உங்களுக்குள் எவ்வளவு மரபு, எவ்வளவு சூழல் என்று அது பங்கு பிரிக்கவில்லை. கைவிரலை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து விரல் முளைப்பது முழுக்க முழுக்க ஜீன் வேலை. ஆனால் ஆளுக்கு ஆள் விரல் எண்ணிக்கை மாறுவது பெரும்பாலும் விபத்தால், ஆகவே விரல் எண்ணிக்கையின் மரபுவழித்தன்மை மிகக் குறைவாக வரும்! அதே விரல், இரண்டு வேறு கேள்வி.

இன்னொன்று, மரபு என்றால் மாற்ற முடியாதது என்று யார் சொன்னது? கிட்டப்பார்வைக்கு மரபுப் பங்கு பெரியது, மூக்குக் கண்ணாடி போட்டால் தீர்ந்தது. பீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறு ஒரே ஜீனில் வரும் பிழையால் வருவது, கவனிக்காமல் விட்டால் மூளை வளர்ச்சியைக் கெடுத்துவிடும். பிறந்தவுடன் சோதித்து உணவில் ஒரு அமினோ அமிலத்தைக் கட்டுப்படுத்தினால் குழந்தை நன்றாகவே வளர்கிறது. ஜீன் அப்படியேதான் இருக்கிறது, விளைவு மாறிவிட்டது.

அமெரிக்கச் சமூகவியலாளர் கிறிஸ்டோபர் ஜெங்க்ஸ் 1972-இல் சொன்ன ஒரு கற்பனை உண்டு, இந்த விஷயத்தில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை. செம்பட்டை முடிக்காரக் குழந்தைகளைப் பள்ளிக்குள் விடுவதில்லை என்று ஒரு நாடு முடிவு செய்கிறது. செம்பட்டை முடி மரபணுவால் வருவது. ஆகவே அந்த நாட்டில் முடி நிறத்துக்கான ஜீன்கள் எழுத்தறிவின்மைக்கான ஜீன்களாகக் கணக்கில் வந்துவிடும், மரபுவழித்தன்மையும் ஏறிவிடும். தப்பு ஜீனிலா இருக்கிறது?

சரி, ஸ்கோரும் படிப்பும் சேர்ந்தே போகின்றன. அப்படியானால் ஜீன்தானே காரணம்?

இந்தக் கேள்விக்குத்தான் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். ஒத்துப்போவதற்கு வழிகள் பல, அவற்றில் ஒன்றுதான் ‘உடம்புக்குள் இருக்கும் ஜீன் மூளையில் ஏதோ செய்து படிப்பைக் கூட்டுவது’.

முதல் சிக்கல் வம்சாவளிக் கலப்படம். உலகம் முழுவதிலுமிருந்து ஆட்களை எடுத்து, யார் வலமிருந்து இடமாக எழுதுகிறார்கள் என்று ஒரு மரபணு ஆய்வு நடத்துங்கள். நூற்றுக்கணக்கான ஸ்னிப்கள் அட்டகாசமாகத் தேறும். அரபியும் ஹீப்ருவும் எழுதும் பகுதிகளில் சில எழுத்துகள் தற்செயலாக அதிகம் இருக்கின்றன, அவ்வளவுதான், அந்த ஸ்னிப்களுக்கும் எழுத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இதைக் கணித வழியில் திருத்துகிறார்கள், ஆனாலும் கசிவு முழுதாக நிற்பதில்லை. வட ஐரோப்பியர் தென் ஐரோப்பியரைவிட உயரமாக இருப்பதற்கு இயற்கைத் தேர்வின் தடயம் டிஎன்ஏவில் இருப்பதாகப் பல கட்டுரைகள் வந்திருந்தன. 2019-இல் கலப்படம் குறைவான தரவில் மறுபடி பார்த்தபோது அந்தத் தடயம் பெருமளவு கரைந்துபோனது. உயரத்துக்கே இந்தக் கதி என்றால் படிப்புக்கும் வருமானத்துக்கும் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் பாருங்கள்.

இரண்டாவது, பெற்றோர். ‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்று சொல்லிவைத்தார்கள், ஆனால் தாயிடமிருந்து வந்தது ரத்தத்தில் வந்ததா, வளர்ப்பில் வந்ததா என்று பழமொழி சொல்லவில்லை. ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் 2018-இல் இதற்கு ஓர் அழகான வழி கண்டுபிடித்தார்கள். பெற்றோரிடம் இருக்கும் டிஎன்ஏவில் பாதிதான் பிள்ளைக்குப் போகிறது, மறுபாதி போவதில்லை. போகாத அந்தப் பாதியை மட்டும் எடுத்து ஸ்கோர் போட்டார்கள். பிள்ளையின் உடம்பிலேயே இல்லாத எழுத்துகள், அவற்றுக்குப் பிள்ளையின் படிப்போடு தொடர்பு இருக்கவே கூடாது. ஆனால் இருந்தது, போன பாதிக்கு இருந்த தொடர்பில் கிட்டத்தட்ட 30 சதவீத அளவுக்கு! அதாவது பெற்றோரின் ஜீன் பெற்றோரின் படிப்பைத் தொட்டு, அது வீட்டைத் தொட்டு, வீடு பிள்ளையைத் தொடுகிறது. பிள்ளையின் ஸ்கோருக்குள் அந்த வீடும் ஒளிந்திருக்கிறது. (இந்த 30 சதவீதம் முழுவதும் வளர்ப்பு இல்லை, முன் சொன்ன கலப்படமும் அடுத்து வரும் ஜோடிப் பொருத்தமும் இதில் கலந்திருக்கின்றன என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் நியாயமானது.)

மூன்றாவது, ஜோடிப் பொருத்தம். படித்தவர் படித்தவரையே கட்டிக்கொள்கிறார், உயரமானவர் உயரமானவரை. சீட்டுக்கட்டு சரியாகக் கலைக்கப்படாத மாதிரி ஜீன்கள் தலைமுறை தலைமுறையாகக் கொத்தாகச் சேர்ந்துவிடுகின்றன, எண்கள் ஊதிப்போகின்றன.

இதிலிருந்தெல்லாம் தப்பிக்க இருக்கும் நல்ல வழி உடன்பிறந்தவர்களை ஒப்பிடுவது. ஒரே பெற்றோர், ஒரே வீடு, எந்தப் பாதி யாருக்குப் போனது என்பது மட்டும் காசு சுண்டிப் போட்ட மாதிரி. 2022-இல் ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட உடன்பிறந்தவர்களை இப்படி ஒப்பிட்டார்கள். உயரத்துக்கான எண்கள் சுமார் 10 சதவீதம்தான் குறைந்தன. படிப்புக்கான எண்கள் கிட்டத்தட்ட பாதியாகச் சுருங்கிவிட்டன. உயரம் பெரும்பாலும் உடம்பின் கதை, படிப்பு பாதி உடம்பின் கதை, பாதி குடும்பத்தின் கதை என்று நான் இதை வாசிக்கிறேன். சுருங்கியது போக மிஞ்சிய பாதியிலும்கூட முன் சொன்ன செம்பட்டை முடி வகையறா இருக்கலாம், உடன்பிறப்பு ஒப்பீடு அதைப் பிரித்துத் தராது.

இவ்வளவு ஓட்டை இருந்தால் எதற்கு இந்த வேலை? விட்டுவிட வேண்டியதுதானே?

என் பதில் கொஞ்சம் தலைகீழாக இருக்கும். சமூக அறிவியலில் மரபணுத் தரவின் பெரிய பயன் சூழலைத் தெளிவாகப் பார்ப்பதுதான். ஐஸ்லாந்து ஆய்வையே பாருங்கள், டிஎன்ஏவைத் தோண்டப் போனவர்கள் வீட்டைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்கள்.

பிரிட்டனில் 1972-இல் பள்ளியை விட்டு விலகும் குறைந்தபட்ச வயதை 15-லிருந்து 16 ஆக்கினார்கள். புதுச் சட்டம் பொருந்தத் தொடங்கிய பிறந்த தேதிக்குச் சற்று முன்னும் பின்னும் பிறந்தவர்கள் மற்றபடி ஒரே மாதிரிதான், ஒரு வருடப் படிப்பு மட்டும் கூடுதல். பல வருடம் கழித்து அவர்களின் உடல் பருமனை யுகே பயோபேங்கில் பார்த்தார்கள். பருமனுக்கான மரபு அபாயம் அதிகம் உள்ள மூன்றில் ஒரு பங்கினருக்கும் குறைவாக உள்ள மூன்றில் ஒரு பங்கினருக்கும் இடையே ஆரோக்கியமற்ற உடல்வாகில் இருந்த இடைவெளி 20 சதவீதப் புள்ளியிலிருந்து 6 ஆக இறங்கியிருந்தது. ஒரு வருடம் கூடுதலாகப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தது ஜீன் போட்ட இடைவெளியைச் சுருக்கியிருக்கிறது. இதை ஸ்கோர் இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது. சராசரியை மட்டும் பார்த்திருந்தால் யாருக்கு அதிகம் பயன் என்பது மறைந்தே போயிருக்கும்.

எதிர்த்திசையில் எஸ்டோனியா. சோவியத் காலத்தில் வளர்ந்தவர்களையும் விடுதலைக்குப் பின் வளர்ந்தவர்களையும் ஒப்பிட்டபோது, பின்னவர்களிடம் படிப்பிலும் தொழிலிலும் மரபணுவின் பங்கு கூடியிருந்தது. அதே மக்கள், அதே ஜீன்கள், ஆட்சிமுறை மாறியதும் எண் மாறுகிறது. மரபுவழித்தன்மை இயற்கை எழுதிவைத்த மாறிலி என்று வாதிடுபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த ஆய்வைத்தான்.

அமெரிக்கத் தரவில் இன்னொன்று தெரிந்தது: ஒரே அளவு உயர்ந்த ஸ்கோர் உள்ளவர்களில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் கல்லூரியை முடிக்கிறார்கள், ஏழை வீட்டுப் பிள்ளைகள் அந்த அளவுக்கு முடிப்பதில்லை. வாய்ப்பு இல்லாததால் வீணாகும் திறமை என்று எல்லோரும் சொல்வதுதான், இங்கே அதற்கு ஒரு எண் கிடைக்கிறது.

இவை தவிர, மதுவா இதயத்தைக் கெடுக்கிறது அல்லது குடிப்பவர்களின் மற்ற பழக்கங்களா என்பது மாதிரியான கேள்விகளுக்கு, மதுவைச் சீரணிக்கும் ஜீன் வேறுபாட்டை இயற்கை நடத்திய குலுக்கலாக வைத்துக் காரணத்தைப் பிரிப்பதும் நடக்கிறது. அதற்கு மெண்டலியன் ராண்டமைசேஷன் என்று பெயர். அது தனிப் பக்கம் எழுத வேண்டிய விஷயம்.

இனங்களுக்கு இடையே, நாடுகளுக்கு இடையே சராசரி ஸ்கோரை ஒப்பிடலாமா?

கூடாது. அரசியல் நாகரிகத்துக்காகச் சொல்லவில்லை, அந்த ஒப்பீடு தொழில்நுட்பரீதியாகவே பொருளற்றது.

2019 கணக்குப்படி இந்த வகை ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் சுமார் 79 சதவீதம் ஐரோப்பிய வம்சாவளி. எடைகள் எல்லாம் அவர்களை வைத்துப் போட்டவை. நாம் படிக்கும் ஸ்னிப் பல சமயம் அசல் காரணம் இல்லை, அசலுக்குப் பக்கத்தில் நிற்கும் அடையாளப் பலகை மட்டுமே. இன்னொரு மக்கள்கூட்டத்தில் அந்தப் பலகை வேறு இடத்தில் நிற்கும். உயரத்துக்கு 54 லட்சம் பேரை வைத்து 2022-இல் செய்த ஆய்வில்கூட, ஸ்கோர் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் வேறுபாட்டில் 40 சதவீதத்தை விளக்கியது, மற்றவர்களிடம் 10 முதல் 20 சதவீதம்தான். படிப்பு போன்ற சமூக விஷயத்தில் இது இன்னும் மோசம். ஒரே வம்சாவளிக்குள்ளேயே வயது, பால், வசதி மாறினால் ஸ்கோரின் துல்லியம் மாறுகிறது என்று 2020-இல் காட்டியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட அளவுகோலை எடுத்துக்கொண்டு கண்டம் விட்டுக் கண்டம் அளக்கக் கிளம்புவது ரப்பர் கயிற்றால் நிலம் அளப்பது மாதிரி. மனித மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒவ்வொரு கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்பது 1972-இலிருந்தே தெரிந்த சேதி.

இது யூஜெனிக்ஸுக்கு, அதாவது ‘நல்ல’ மரபு உள்ளவர்களே பிள்ளை பெற வேண்டும் என்ற பழைய கொள்கைக்கு, புது வேஷம்தானே?

சந்தேகப்பட உங்களுக்கு உரிமை உண்டு. இரட்டையரை வைத்து மரபைப் பிரித்தறியலாம் என்று 1875-இல் எழுதியவரும், 1883-இல் யூஜெனிக்ஸ் என்ற சொல்லை உருவாக்கியவரும் ஒரே ஆள், பிரான்சிஸ் கால்டன். புள்ளியியலில் நாங்கள் தினமும் பயன்படுத்தும் கருவிகள் சில அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவை. 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கட்டாயக் கருத்தடையைச் செல்லும் என்றது, அந்த நாட்டில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படி அறுக்கப்பட்டார்கள். 1933-இல் ஜெர்மனி தன் சட்டத்தைக் கொண்டுவந்தது, அது எங்கே போய் முடிந்தது என்று தெரியும். பழைய கதை என்றும் ஒதுக்க முடியாது. 2022 மே மாதம் அமெரிக்காவின் பஃபலோ நகரில் கறுப்பின மக்களைக் குறிவைத்துப் பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றவன் எழுதிவைத்த அறிக்கையில், மேலே சொன்ன படிப்பு ஆய்வு ஒன்றையும் திரித்துச் சேர்த்திருந்தான்.

இன்றைய ஆய்வாளர்கள் கால்டனின் ஆட்கள் இல்லை. 2011-இல் தொடங்கிய, சமூக அறிவியல் மரபணு ஆய்வாளர்களின் எஸ்எஸ்ஜிஏசி என்ற கூட்டமைப்பு தன் பெரிய கட்டுரைகளோடு, எதைச் சொல்கிறோம், எதைச் சொல்லவில்லை என்று நீண்ட கேள்வி பதிலையும் சேர்த்தே வெளியிடுகிறது. நல்ல பழக்கம். ஆனால் அது போதுமா என்றால், போதாது என்பதுதான் என் எண்ணம். திரிப்பவன் கேள்வி பதிலைப் படிப்பதில்லை, வரைபடத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறான். ஆகவே எந்த வரைபடத்தைப் போடுகிறோம், எந்தச் சொல்லால் அச்சுக்குப் பெயரிடுகிறோம் என்பதிலேயே கவனம் வேண்டும்.

கருவிலேயே ஸ்கோர் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்று விளம்பரம் வருகிறதே?

2019-இல் ஒரு ஆய்வு இதைக் கணக்குப் போட்டது. அப்போதைய ஸ்கோர்களின்படி, சோதனைக்குழாய் முறையில் உருவாக்கிய பல கருக்களில் ஸ்கோர் மிக உயர்ந்ததைத் தேர்ந்தெடுத்தால் சராசரி லாபம் உயரத்தில் சுமார் 2.5 சென்டிமீட்டர், ஐக்யூவில் சுமார் 2.5 புள்ளி. அதுவும் சராசரிதான், குறிப்பிட்ட ஒரு குழந்தைக்கு உத்தரவாதம் கிடையாது. உடன்பிறப்புக்குள் எண்கள் பாதியாகச் சுருங்கும் கதையை மேலே பார்த்தோம், கருக்களும் உடன்பிறப்புகள்தான். பணம் அதிகமாக இருக்கிறது என்பவர்கள் வேறு செலவு பார்க்கலாம்.

பெயரை நீக்கிவிட்டால் என் டிஎன்ஏ பத்திரம்தானே?

ஓரளவு. முழுசாக இல்லை. டிஎன்ஏதான் பெயரைவிட நல்ல அடையாளம், அதிலிருந்து பெயரை நீக்குவது என்பதே விசித்திரமான பேச்சு. நூற்றுக்கணக்கானவர்களின் கூட்டுப் புள்ளிவிவரத்துக்குள் ஒருவர் இருக்கிறாரா என்று கண்டுபிடிக்கலாம் என 2008-இல் காட்டினார்கள், உடனே அமெரிக்கச் சுகாதார ஆய்வு நிறுவனமான என்ஐஎச் திறந்து வைத்திருந்த தொகுப்புகளை மூடியது. 2013-இல் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமையும் இணையத்தில் கிடைக்கும் வம்சாவளித் தளங்களையும் வைத்தே பெயரில்லாத மாதிரிகளில் சிலருக்குக் குடும்பப் பெயர் கண்டுபிடித்தார்கள். 2018-இல் கலிபோர்னியக் காவல்துறை பல பத்தாண்டுகளாகத் தேடிய தொடர் கொலைகாரனைப் பிடித்தது தூரத்து உறவினர்கள் ஒரு வம்சாவளித் தளத்தில் ஏற்றிவைத்திருந்த டிஎன்ஏ மூலம். கொலைகாரன் பிடிபட்டது நல்லதுதான். ஆனால் அவன் எங்கும் துப்பிக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்: நீங்கள் கொடுத்தால் உங்கள் சித்தப்பா மகனும் கொஞ்சம் கொடுத்த மாதிரிதான், அவரை யாரும் கேட்பதில்லை.

நிறுவனங்களின் நிலைமையும் நிரந்தரம் இல்லை. 23அண்ட்மீயில் 2023-இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் கசிந்தது, 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அப்போது பலர் அவசர அவசரமாகத் தங்கள் தரவை அழிக்க ஓடினார்கள்.

ஒரு வேலைக்கென்று கொடுத்ததை இன்னொரு வேலைக்குப் பயன்படுத்தலாமா?

அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுபாய் மக்கள் 1990-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு ரத்தம் கொடுத்தார்கள். தங்களிடையே நீரிழிவு ஏன் இவ்வளவு என்று தெரிந்துகொள்ளத்தான் கொடுத்தார்கள். அந்த ரத்தம் மனச்சிதைவு ஆய்வுக்கும், அவர்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வுக்கும் போனது. அந்தப் பள்ளத்தாக்கே தங்கள் பிறப்பிடம் என்று நம்பும் மக்களிடம் ‘இல்லை, நீங்கள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள்’ என்று அவர்கள் ரத்தத்தையே வைத்துச் சொன்னால் எப்படி இருக்கும்? வழக்குப் போட்டார்கள். 2010-இல் சமரசம், ஏழு லட்சம் டாலர், மிச்சமிருந்த ரத்த மாதிரிகளும் திரும்ப வந்தன.

இப்போது பெரும்பாலான தரவுத்தளங்கள் ‘எதிர்கால ஆய்வுகள் எல்லாவற்றுக்கும்’ என்று பரந்த சம்மதம் வாங்குகின்றன. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் இதய நோய்க்கு உதவுகிறோம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டவரின் தரவில் அவருடைய வருமானத்தையும் பாலியல் நடத்தையையும் ஆராய்வார்கள் என்று அவருக்குப் புரிந்திருந்ததா? சம்மதப் படிவத்தில் இதை எடுத்துக்காட்டோடு எழுதினால் என்ன கெட்டுப்போகும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

காப்பீட்டு நிறுவனம் கேட்டால்?

நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 2008-இல் வந்த ஜீனா சட்டம் மருத்துவக் காப்பீட்டிலும் வேலையிலும் மரபணுவை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது, ஆயுள் காப்பீட்டுக்கு அது பொருந்தாது. உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வில் சேர்ந்தால் என் ஸ்கோரை எனக்குச் சொல்வார்களா?

படிப்பு, வருமானம் மாதிரி விஷயங்களுக்குப் பொதுவாகச் சொல்வதில்லை. சொன்னாலும் என்ன செய்யப் போகிறீர்கள்?

கடைசியாக, ஒரு ஆய்வுக்குழு வந்து எச்சில் கேட்டால் நான் கொடுக்கலாமா?

நான் கொடுப்பேன், ஆனால் சில விஷயங்களைக் கேட்டுவிட்டுத்தான். மாதிரி எங்கே இருக்கும், எத்தனை வருடம், ஆய்வு முடிந்தால் அழிப்பார்களா. வெளியாட்களுக்குத் தரவு கோப்பாகவே போகுமா அல்லது பூட்டிய கணினிக்குள் வந்து பார்த்துவிட்டுப் போக மட்டும் அனுமதியா, இரண்டாவது எவ்வளவோ மேல். நிறுவனம் விற்கப்பட்டாலோ மூடப்பட்டாலோ என்ன ஆகும். காவல்துறை கேட்டால் கொடுப்பார்களா. அப்புறம், நடுவில் விலகினால் என்ன நடக்கும். இந்தக் கடைசிக் கேள்விக்கு நேர்மையான குழு தரும் பதில் இப்படித்தான் இருக்கும்: மாதிரியை அழிப்போம், இனிமேல் நடக்கும் ஆய்வுகளில் சேர்க்க மாட்டோம், ஆனால் ஏற்கெனவே வெளியான எடைகளில் உங்கள் 0, 1, 2-உம் கலந்திருக்கிறது, அதைப் பிரித்து எடுக்க முடியாது.